பித்தம் தெளிய அருவி போதுமா?

ஆனியும் ஆடியும் தென்காசிக்காரர்களுக்குச் சாரல் மாதங்கள். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று, வெயிலடித்துக்கொண்டிருக்கும்போதே தூறலையும் கொண்டுவந்து தூவும். குற்றாலச் சாலையில் வெளியூர் வாகனங்கள் நகர இடமின்றி நிற்கும். அந்தக் கூட்டத்தில் பெரும்பாலோர் குளிக்க வருகிறவர்கள். சிலர் மட்டும் குளிப்பாட்டப்படுவதற்காக அழைத்து வரப்படுகிறவர்கள். உறவினர் இருவர் இருபுறமும் கையைப் பற்றியிருக்க, நடுவில் ஒருவர் தன்போக்கில் பேசிக்கொண்டோ ஒன்றுமே பேசாமலோ நடத்திச் செல்லப்படுவதைப் பார்த்தவுடன் உள்ளூர்க்காரர்களுக்குப் புரிந்துவிடும். குற்றாலத் தண்ணீர் தலையில் விழுந்தால் பித்தம் தெளியும் என்பது இந்தப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் நம்பிக்கை.

2003-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு விடியற்காலை, அப்படி நடத்திச் செல்லப்பட்டவன் நான். வலது கை அண்ணனிடம்; இடது கை தாய்மாமனிடம். பேரருவியின் அடியில் நிறுத்தி, "ஏலே, தலையைக் குனி" என்று மாமா அதட்டியதும், நான் சிரித்துக்கொண்டே பக்கத்தில் குளித்தவர்களிடம் இந்த அருவியை விரைவில் குத்தகைக்கு எடுக்கப்போவதாக அறிவித்ததும் நன்றாக நினைவிருக்கின்றன. கூனிக் குறுகியவர்கள் அவர்கள் இருவரும்தான். எனக்கு அன்று அவமானம் என்ற ஒன்று உலகத்திலேயே இல்லை.

எனக்கு இருந்தது, இன்றும் இருப்பது, இருதுருவ மனநிலைக் கோளாறு. மருத்துவர்கள் சுருக்கமாக 'பைபோலார்' என்பார்கள். ஜெர்மானிய மனநல மருத்துவர் எமில் கிரெப்பலின் 1899-இல் 'மேனிக் டிப்ரெஸிவ்' என்ற பெயரில் இதை வகுத்துக் காட்டினார். 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு இன்றைய பெயரைச் சூட்டியது. மன எழுச்சி ஒரு முனை, மனச்சோர்வு மறுமுனை, இடையில் மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ எல்லாரையும்போல இருக்கும் காலம் என்பது இதன் போக்கு. காலையில் சிரித்து மாலையில் சிடுசிடுப்பவரை இப்போது கல்லூரிப் பிள்ளைகள் விளையாட்டாகப் 'பைபோலார்' என்கிறார்கள். அது இதுவன்று. எழுச்சி என்று மருத்துவர் முடிவுசெய்யக் குறைந்தது ஒரு வாரமாவது அந்த நிலை நீடித்திருக்க வேண்டும்; சோர்வுக்கு இரண்டு வாரம். நடைமுறையில் இரண்டுமே மாதங்களை விழுங்கக்கூடியவை.

அந்த ஜூலைக்கு ஆறு வாரங்களுக்கு முன்புதான் சென்னையில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை உதறிவிட்டு ஊருக்கு வந்திருந்தேன். வயது 28. பொதிகை மலை மூலிகைகளை உலகம் முழுவதற்கும் அனுப்பும் நிறுவனம் ஒன்றைத் தொடங்குவது திட்டம். திட்டத்தில் தவறில்லை, மூலிகை வணிகம் இந்தப் பகுதியில் பழைய தொழில்தான். ஆனால், ஒரே வாரத்தில் மூன்று கடைகளை வாடகைக்குப் பிடித்தேன். 12 ஆயிரம் விளம்பரத் தாள்கள் அச்சடித்தேன். மனைவியின் நகைகள் அடகுக்குப் போயின. அப்போது அப்துல் கலாம் குடியரசுத் தலைவர். நாட்டையே கனவு காணச் சொன்னவர் என் கனவைக் கேட்காமலா போவார் என்று அவருக்கு நாற்பது பக்கக் கடிதம் எழுதினேன். இரவு இரண்டு மணி நேரம் தூங்கினால் போதுமானதாக இருந்தது. நள்ளிரவில் எழுந்து மேலகரம் வழியாகக் குற்றாலம் வரை நடந்து, விடிவதற்குள் திரும்பி வருவேன், களைப்பே இராது. மலை இவ்வளவு பச்சையாக இருந்ததே இல்லை என்று தோன்றும். பார்க்கும் ஒவ்வொன்றும் மற்றொன்றோடு தொடர்புடையதாக, எனக்காகவே அங்கு வைக்கப்பட்டதாகத் தெரியும்.

இதில் ஒரு நுட்பத்தை விளக்க வேண்டும். தூக்கமின்மை வேறு, தூக்கம் தேவைப்படாமல் போவது வேறு. கவலையில் தூங்காதவர் மறுநாள் துவண்டுபோவார். எழுச்சி நிலையில் இருப்பவர் தூங்காமலே துள்ளுவார். மருத்துவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். அடுத்து, பேச்சின் வேகம், எண்ணங்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடுவது, அளவுமீறிய செலவு, தன்னைப் பற்றிய பெருமிதம், தடுப்பவர்மீது சினம். இவையெல்லாம் அருகிலிருப்பவர் கண்ணுக்குத் தெரியும். உள்ளே இருப்பவனுக்குத் தெரியாது. காய்ச்சல் வந்தவனுக்குத் தனக்குக் காய்ச்சல் என்று தெரிகிறது. இந்த நோயின் ஏறுமுகத்தில் 'வாழ்க்கையில் முதன்முறையாக நான் நலமாக இருக்கிறேன்' என்ற உறுதிதான் நோயாளிக்கு இருக்கும்.

நம் மொழியில் பித்தம், பித்து, பித்தன் எல்லாம் ஒட்டிப் பிறந்த சொற்கள். இறைவனையே பித்தன் என்று அழைத்துப் பழகியவர்கள் நாம். சித்த மருத்துவம் மனநோய்களைக் 'கிரிகை' என்ற பெயரில் பதினெட்டாகப் பிரித்துப் பேசுகிறது. வாத, பித்த, கபக் கணக்கில் அவற்றுக்குக் காரணம் சொல்கிறது. சூடேறிய தலைக்குக் குளிர்ந்த தண்ணீர் என்பது அந்தக் கணக்கில் இயல்பான முடிவு. முன்னோரைக் கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. அருவியில் நின்றால் மனத்துக்கு இதமாக இருக்கும் என்பது எவரும் அறிந்தது. ஆனால், அருவி இந்த நோயைத் தீர்ப்பதாக மக்கள் ஏன் இத்தனை காலம் நம்பினார்கள் என்பதற்கு வேறொரு விளக்கம் உண்டு.

மன எழுச்சி மருந்தே இல்லாவிட்டாலும் சில மாதங்களில் தானாக வடிந்துவிடக்கூடியது. அது உச்சத்தில் இருக்கும்போதுதான் குடும்பம் பதறி, அருவிக்கோ கோயிலுக்கோ தர்காவுக்கோ ஓடுகிறது. உச்சத்துக்குப் பிறகு எப்படியும் இறக்கம்தான். எந்த வாசலில் நிற்கும்போது இறங்கியதோ அந்த வாசலுக்குப் பெயர் கிடைக்கிறது. என் கதையிலும் அப்படியே. ஆடி முடிவதற்குள் என் பேச்சு குறைந்தது, ஆவணியில் அமைதியானேன். பித்தம் தெளிந்துவிட்டது என்று அம்மா குற்றாலநாதர் கோயிலில் அர்ச்சனை செய்தார். புரட்டாசியில் நான் படுத்துவிட்டேன்.

மனச்சோர்வைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. எழுதினால் எல்லாம் ஒரே வாக்கியமாகத்தான் வரும். ஏழு மாதங்கள் வீட்டின் பின்னறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். பல் துலக்குவது மலையேறுவதாக இருந்தது. கடன்காரர்கள் முன்னறையில் அண்ணனிடம் பேசுவது கேட்கும். எழுந்து போக முடியாது. நான் இல்லாமல் போவதுதான் இவர்களுக்கு நல்லது என்ற எண்ணம், தர்க்கம் பிசகாத ஒரு கணக்கைப்போல மனத்தில் வந்து உட்கார்ந்தது. (அப்படியொரு கணக்கு யாருக்காவது வந்து உட்கார்ந்திருந்தால், 14416 என்ற அரசின் 'டெலி மானஸ்' எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட கட்டணமில்லாச் சேவை அது, தமிழிலேயே பேசலாம். அந்த நாள்களில் இது இருந்ததில்லை.)

ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். சோர்வுக்கான மாத்திரையை மட்டும் கொடுத்தார். மூன்றே வாரத்தில் மறுபடியும் பறக்கத் தொடங்கினேன். அவரை முழுக்கக் குறைசொல்ல முடியாது. ஜூலை மாதத்தில் நடந்ததை நாங்கள் சொல்லவே இல்லை; அது நோய் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. 'புதுத் தொழில் தொடங்கினான், நட்டம் வந்தது, அதனால் சோர்ந்துவிட்டான்' என்பதுதான் வீட்டார் சொன்ன வரலாறு. இருதுருவக் கோளாறு உள்ள பெரும்பாலோர் சோர்வுக்காகவே முதலில் மருத்துவரிடம் போகிறார்கள். எழுச்சிக்காக யாரும் போவதில்லை. அந்நிலையில் சோர்வு நீக்கும் மருந்தைத் தனியாகக் கொடுப்பது சிலரை எழுச்சிக்குள் தள்ளிவிடும். சரியான பெயரைக் கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள் ஆவதற்கு இதுவே முக்கியக் காரணம். அடுத்துப் போன பாளையங்கோட்டை மனநல மருத்துவர் என்னிடம் அதிகம் பேசவில்லை. என் மனைவியைப் பார்த்து, "இதற்கு முன்னால் தூங்காமலே சுறுசுறுப்பாக இருந்த காலம் ஏதாவது உண்டா?" என்று கேட்டார். அவள் அழத் தொடங்கினாள். அந்த ஒரு கேள்வியில் நோயின் பெயர் தெரிந்துவிட்டது.

அவர் எழுதித் தந்தது லித்தியம். கைப்பேசி மின்கலத்தில் இருக்கும் அதே உலோகத்தின் உப்பு. ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், கினி எலிகளுக்கு லித்தியம் உப்பைச் செலுத்தியபோது அவை மந்தமாகி அமைதியடைந்ததைக் கண்டு, தானே விழுங்கிப் பார்த்து, பின்னர் எழுச்சி நோயாளிகள் பத்துப் பேருக்குக் கொடுத்தார். 1949-இல் முடிவை வெளியிட்டார். டென்மார்க்கில் மோகன்ஸ் ஷூ முறையான ஆய்வுகளால் அதை உறுதிப்படுத்தினார். காப்புரிமை பெற்று விற்க முடியாத எளிய உப்பு என்பதால் மருந்து நிறுவனங்களுக்கு ஆர்வமில்லை. அமெரிக்கா 1970-இல்தான் அனுமதித்தது. மூளைக்குள் அது வேலைசெய்யும் விதம் இன்றுவரை முழுதாக விளங்கவில்லை. ஆனால், எழுச்சி, சோர்வு இரண்டின் திரும்பிவரவையும் அது குறைக்கிறது. தற்கொலை ஆபத்தையும் குறைக்கிறது. இதுபோன்ற வேறு மருந்துகளும் இப்போது உண்டு. எவருக்கு எது என்பது மருத்துவரின் முடிவு.

குற்றாலத்தைத் தெரிந்தவர்களுக்கு ஓர் உவமை சொல்லலாம். பேரருவி மலையுச்சியிலிருந்து நேராக நம் தலையில் விழுவதில்லை. நடுவில் பொங்குமாங்கடல் என்ற ஆழமான பள்ளம் இருக்கிறது. தண்ணீர் அதில் விழுந்து, பொங்கி, வேகம் தணிந்து, பிறகே கீழே வழிகிறது. அந்தப் பள்ளம் இல்லாவிட்டால் அடியில் மனிதர் நிற்க முடியாது. லித்தியம் எனக்குச் செய்வது ஏறத்தாழ அதைத்தான். தண்ணீரை அது நிறுத்துவதில்லை.

ஆனால், கவனமாகக் கையாள வேண்டிய மருந்து. இரத்தத்தில் லிட்டருக்கு 0.6 மில்லிமோலுக்குக் கீழே போனால் பெரும்பாலும் பயன் குறைவு, 1.0 வரை நல்லது; 1.5-ஐத் தாண்டினால் நஞ்சு. கடைசி மாத்திரை விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். சிறுநீரகமும் தைராய்டும் ஆண்டுதோறும் சோதிக்கப்பட வேண்டும். வயிற்றுப்போக்கு, வாந்தி, அதிக வியர்வை ஆகியவற்றால் உடல் நீர் வற்றினால் மருந்தின் அளவு ஏறிவிடும். முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளும் அதை ஏற்றிவிடும். இதைத் தெரியாமல் ஆபத்தில் சிக்குபவர்கள் உண்டு. என் கைவிரல்கள் மெல்ல நடுங்கும். எப்போதும் தாகம். இவை பழகிவிடுகின்றன.

பழகாதது வேறு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இரண்டரை ஆண்டுகள் ஒழுங்காக மாத்திரை விழுங்கினேன். வரிக் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. கடன் பாதி அடைந்தது. மகள் நடக்கத் தொடங்கினாள். 2006-ஆம் ஆண்டு இறுதியில் ஒருநாள் மாத்திரையை நிறுத்தினேன். மறதியால் அல்ல, செலவுக்கு அஞ்சியும் அல்ல. மலை பழையபடி வெறும் மலையாகத் தெரிந்ததுதான் காரணம். அந்த ஜூலை மாதத்துப் பச்சை திரும்ப வேண்டும் என்றிருந்தது. நாற்பது பக்கக் கடிதத்தை ஒரே மூச்சில் எழுதிய நானே உண்மையான நான் என்றும், செங்கோட்டை மரக்கடை ஒன்றின் விற்பனைப் பதிவேட்டில் கூட்டல் சரிபார்ப்பவன் மருந்து செய்துவைத்த பொம்மை என்றும் எண்ணினேன்.

2007-இன் தொடக்கத்தில் வந்த எழுச்சியில் மகிழ்ச்சி இல்லை. சினம் மட்டுமே இருந்தது. அண்ணன் பெயரிலிருந்த மனையின் பத்திரத்தை அவருக்குத் தெரியாமல் எடுத்துப்போய் வட்டிக்கு வாங்கினேன். அருவிக்கரையில் என் கையைப் பிடித்து நின்றவர், அதன்பின் நான்கு ஆண்டுகள் என்னோடு பேசவில்லை.

மாத்திரையை நிறுத்தும் நோயாளியை அறியாமை உள்ளவர் என்று நினைப்பது எளிது. உண்மை அவ்வளவு எளிதன்று. ஜான் கேட் முதன்முதலில் லித்தியம் கொடுத்த நோயாளி, ஐந்து ஆண்டுகளாக ஓயாத எழுச்சியில் மருத்துவமனையில் கிடந்தவர். சில மாதங்களில் தெளிந்து வீடு திரும்பி, பழைய வேலைக்கே போனார். நலமாக இருப்பதாக உணர்ந்ததும் மருந்தைக் கைவிட்டார், நோய் திரும்பியது. லித்தியத்தின் வரலாறு தொடங்கும்போதே இதுவும் தொடங்கிவிட்டது. அமெரிக்க உளவியலாளர் கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன் இந்த நோயைப் பற்றிய பாடநூலை எழுதியவர்களில் ஒருவர். தனக்கும் அதே நோய் என்பதை 1995-இல் வெளிவந்த 'ஆன் அன்கொயட் மைண்ட்' என்ற தன்வரலாற்றில் அறிவித்தார். மருந்தின் அவசியத்தை மற்றவர்க்குக் கற்பித்தவரே தன் மருந்தோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கு நின்றதை அதில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அறிவு போதுமானதாக இருந்தால் அவருக்கு அந்தத் தொல்லை வந்திருக்காது.

இழந்தது ஓர் உயரம். அதற்காகத் துக்கம் கொள்ள மனத்துக்கு இடம் வேண்டும். வீட்டாருக்கோ அந்த உயரம் ஒரு கெட்ட கனவு. 'நல்லவேளை, அது போயிற்று' என்பார்கள். நோயாளி தன் துக்கத்தை யாரிடமும் சொல்ல முடியாமல் மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைக்கிறார். 'மருந்து சாப்பிட்டாயா?' என்று நாள்தோறும் கேட்கும் குடும்பங்கள், 'எதை இழந்ததாக நினைக்கிறாய்?' என்று ஒருமுறையாவது கேட்கலாம். என்னிடம் அதைக் கேட்டவர், 2007-இல் மீண்டும் போய் நின்றபோது அந்தப் பாளையங்கோட்டை மருத்துவர். நான் ஒரு மணி நேரம் பேசினேன். அவர் மாத்திரையின் அளவைச் சற்றுக் குறைத்து, "இதற்குக் கீழே இறங்க முடியாது, இதற்குள் எவ்வளவு பச்சை தெரிகிறதென்று பாருங்கள்" என்றார்.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு குரல் எழும்: பித்து இல்லாமல் கலை உண்டா, வெறி இல்லாமல் சாதனை உண்டா என்று. கவிஞர் ஆத்மாநாமை நினைத்துக்கொள்கிறேன். 1951-இல் சென்னையில் பிறந்து, 'ழ' இதழை நடத்தி, ஆயத்த ஆடைத் தொழில் தொடங்கி அதன் நெருக்கடிகளில் உழன்றவர். மனநிலைப் பாதிப்பு நோய்க்கு மருத்துவம் பெற்றார். 1984-இல் தன் 33-ஆம் வயதில் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் கவிதைகளை வாசித்தவர்களுக்குத் தெரியும், அவற்றின் தன்மை நிதானம். சொல்லை எண்ணி எண்ணி வைத்த சிக்கனம். பிதற்றல் ஒரு வரியிலும் இல்லை. கவிதையை நோய் எழுதவில்லை, அவர் எழுதினார். நோய் செய்தது அடுத்த நாற்பது ஆண்டுக் கவிதைகளை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டதுதான். என் நாற்பது பக்கக் கடிதத்தின் படி ஒன்று வீட்டில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் படித்துப் பார்த்தேன். முதல் இரண்டு பக்கம் பரவாயில்லை.

அதேசமயம், பெரிதாக ஆசைப்படுவதையெல்லாம் நோய் என்று சந்தேகிக்கும் தவற்றையும் செய்துவிடக் கூடாது. ஊர் மாறிவிட்டது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் நடத்தும் அலுவலகத்துக்குக் கிராமத்துப் பிள்ளைகள் வண்டியோட்டிப் போகிறார்கள். உலகச் சந்தைக்கான வேலையைத் தென்காசியில் உட்கார்ந்து செய்யலாம் என்று 2003-இல் நான் சொல்லியிருந்தால் அதுவும் பித்து என்றே ஆகியிருக்கும். எது ஆசை, எது நோய் என்று பிரிப்பது ஆசையின் அளவு அல்ல. அந்த மனிதர் தன் இயல்பிலிருந்து திடீரென மாறினாரா, தூக்கம் தேவையற்றுப் போயிற்றா, 'பொறு' என்று சொல்பவரெல்லாம் பகைவராகத் தெரிகிறார்களா என்பவையே பிரிக்கும். ஆசைப்படுகிறவர் பத்து ஆண்டுகள் காத்திருப்பார். என்னால் பத்து நிமிடம் காத்திருக்க முடியவில்லை.

தென்காசி காசி விசுவநாதர் கோயிலை எழுப்பியவன் 15-ஆம் நூற்றாண்டுப் பராக்கிரம பாண்டியன். காசிக்கு நிகராகத் தெற்கே ஓர் ஊரை உருவாக்க நினைத்ததைவிடப் பெரிய ஆசை இந்த வட்டாரத்தில் யாருக்கும் இருந்திருக்காது. ஆனால், அவன் கோயிலில் வெட்டிவைத்த பாடல் ஒன்று கேட்பவரை அசரவைக்கும். பின்னாளில் இக்கோயிலுக்குக் குறை ஏதும் நேர்ந்தால், அதைச் சரிசெய்து காப்பவர் யாராயினும் அவரை உலகறியப் பணிகிறேன் என்கிறான் அரசன். கட்டியவன், பராமரிக்கப்போகும் பெயர் தெரியாத ஒருவனை வணங்குகிறான். நான் சிறுவனாக இருந்த காலத்தில் அது சிதைந்துபோன மொட்டைக் கோபுரம். பிறகு திருப்பணி நடந்து, ஒன்பது நிலைக் கோபுரமாக எழுந்து, 1990-இல் குடமுழுக்கு ஆனபோது தெருவில் நின்று பார்த்தேன். அப்போது எனக்குக் கட்டிய அரசன்தான் பெரியவனாகத் தெரிந்தான். இப்போது அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சாரம் கட்டி ஏறியவர்களை நினைக்கிறேன்.

இன்றைய என் நாள் இப்படி: காலையில் மரக்கடைகள் இரண்டுக்கும் அரிசி ஆலை ஒன்றுக்கும் கணக்கு. மாதம் 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி படிவம். மாலையில் சிற்றாற்றங்கரை வரை நடை. இரவு ஒன்பதரைக்கு மாத்திரை, பத்து மணிக்குப் படுக்கை. இந்த நோய்க்கு நேரந்தவறாத தூக்கம் பாதி மருந்து. திருமண வீட்டில் விடிய விடிய விழித்திருப்பதுகூட என்னைப் போன்றவர்களைத் தூக்கி எறியக்கூடும். ஆகவே, உறவினர் வீட்டு முகூர்த்தங்களுக்கு முந்தைய இரவு போகாத 'கர்வி' என்ற பெயரும் எனக்கு உண்டு.

வீட்டில் ஓர் ஒப்பந்தமும் இருக்கிறது. நலமாக இருக்கும்போது என் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்டது. இரண்டு இரவுகள் தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கினால் மனைவி மருத்துவரை அழைப்பாள். நான் மறுக்கக் கூடாது. வங்கி அட்டை அவளிடம். 'இனி மாத்திரை தேவையில்லை' என்று நான் எவ்வளவு தெளிவாக வாதிட்டாலும் நம்பக் கூடாது. ஒரு புதிய எண்ணத்தைப் பற்றி நான் உற்சாகமாகப் பேசத் தொடங்கினால், "என்னங்க, நேத்து எத்தனை மணிக்குத் தூங்குனீங்க?" என்று கேட்கும் உரிமை அவளுக்கு உண்டு. சில நாள்களில் அந்தக் கேள்வி சுருக்கென்று தைக்கும். வெறும் மகிழ்ச்சியாக இருக்கும் உரிமைகூட எனக்கு இல்லையா என்று தோன்றும். அதையும் அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

நாங்கள் வீட்டுக்குள் எழுதிக்கொண்டதற்குச் சட்டத்திலும் இடமிருக்கிறது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தான் நோயுறும்போது எப்படிப்பட்ட மருத்துவம் வேண்டும், எது கூடாது என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்க உரிமை தருகிறது. தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கலாம். அதே சட்டம் மனநோயாளிகளைச் சங்கிலியால் பிணைப்பதை எந்த வடிவிலும் தடைசெய்கிறது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அவர்களை அங்கு கொண்டுவந்து விட்டவர்களும் பித்தம் தெளியும் என்ற நம்பிக்கையோடு வந்தவர்கள்தாம். பெங்களூரு நிமான்ஸ் நிறுவனம் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, இந்நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினருக்கு மருத்துவம் சென்று சேரவில்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாக அரசு மருத்துவமனைகளில் இதற்கான மருத்துவம் கட்டணமின்றிக் கிடைக்கும் காலத்தில் இந்த எண் வெட்கப்பட வைக்கிறது. அருவிக்கு அழைத்து வருகிறவர்களைத் தடுக்க வேண்டியதில்லை. குளித்த பிறகு ஐந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள தென்காசி அரசு மருத்துவமனைக்கும் அழைத்து வாருங்கள் என்று அருவிக்கரையில் ஒரு பலகை வைக்கலாம். வாடகை கட்டும் அளவுக்கு மீறிக் கடை பிடித்த அனுபவத்தில் சொல்கிறேன், ஒரு பலகைக்கு அதிகம் செலவாகாது.

அண்ணன் 2011-இல் என் வீட்டுக்கு வந்தார். பத்திரத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. வட்டி கட்டி மீட்ட ரசீதை அவர் சட்டைப் பையில் வைத்தேன். அதை எடுத்துப் பார்க்காமலே காபி குடித்துவிட்டுப் போனார். இப்போது ஆண்டுக்கு ஒருமுறை, கூட்டம் குறைந்த ஒரு விடியற்காலையில், இருவரும் பேரருவிக்குப் போகிறோம். மழை வலுத்துத் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டும் நாள்களில் காவலர்கள் யாரையும் விடமாட்டார்கள். அன்றைக்குக் கரையிலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்புவோம்.

என் மகள் இப்போது வெளியூரில் கல்லூரியில் படிக்கிறாள். சென்ற விடுமுறையில் என் மாத்திரைப் பெட்டியில் கிழமைவாரியாக மாத்திரைகளை அடுக்கிக்கொண்டே, "எனக்கும் வருமாப்பா?" என்று கேட்டாள். பல ஆண்டுகளாக எதிர்பார்த்திருந்த கேள்வி. பொதுவாக நூற்றில் ஒருவர் என்ற அளவை ஒட்டி இருக்கும் ஆபத்து, பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகிறது. வராமலிருக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்பது என்று உள்ளதைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, தோழிகளோடு சேர்ந்து ஒரு சிறு தொழில் தொடங்கும் யோசனை இருக்கிறது என்றும், அதைப் பற்றி நினைக்கும்போது வரும் உற்சாகத்தைக் கண்டு தனக்கே சில நேரம் பயமாக இருக்கிறது என்றும் சொன்னாள். "எத்தனை மணி நேரம் தூங்குற?" என்றேன். "ஏழு" என்றாள். "அப்படின்னா சொல்லு, என்ன தொழில்?" என்று நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

இப்போது ஒவ்வோர் இரவும் பத்து மணிக்கு அவளிடமிருந்து கைப்பேசியில் ஒரு வரி வருகிறது: 'தூங்கப் போறேன்பா.' நானும் அதையே எழுதி அனுப்பிவிட்டு விளக்கை அணைக்கிறேன்.